பழைய காருக்கு உடைசல் வண்டியின் மீட்டரும் ஸ்டீரியோவும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய காரை விற்றுவிட மனமில்லாமல் ஓட்டிப் பராமரித்துவரும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் டேஷ்போர்டைப் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. உடைக்கப்படும் வண்டிகளிலிருந்து மீட்டர்களையும் ஸ்டீரியோவையும் எடுத்துத் தம் காரில் பொருத்துவது குறித்தே அவற்றில் பெரும்பாலானவை கேட்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதிலளிக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 1970-களின் இறுதியில் வெளிவந்த கார்பரேட்டர் கார். டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், மூன்று எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் உள்ள மீட்டர் போர்டு ஒன்றைக் காயலான் கடையில் எடுத்து மாட்ட விரும்புகிறேன். எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது அந்த மீட்டர் போர்டு எந்தக் காலத்தது என்பதைத்தான். உங்கள் காரில் ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாக ஓர் ஒயர் வருகிறது. டேங்கில் பெட்ரோலின் மேல் மிதக்கும் ஃப்ளோட்டோ எஞ்சினில் இருக்கும் சென்சாரோ அந்த ஒயர் வழியாக நேரடியாக முள்ளை நகர்த்துகிறது. வண்டியின் மின்னணுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கேன் என்ற தடத்தை பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. அது பரவலான பிறகு வந்த வண்டிகளில், எஞ்சின் கணினி அனுப்பும் எண்களைப் படித்துத்தான் மீட்டர் போர்டு முள்ளை நகர்த்துகிறது. அத்தகைய போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் காரில் அது உயிர் பெறாது. பலவற்றில் சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பும் ஓடிய தூரத்தின் கணக்கும் அதே போர்டின் நினைவகத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வளையும் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடி, ஒவ்வொரு மீட்டரின் நட்டும் திருகும் தனித்தனியாகத் தெரிந்தால் அது உங்களுக்கு உதவும். முழுவதும் மூடப்பட்டு, ஒயர்களைச் செருகும் கப்ளர்கள் ஒன்றிரண்டு மட்டும் வெளியே தெரிந்து, தூரக் கணக்கு எண்திரையில் வருவதாக இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து, நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான்: மீட்டரை மட்டும் எடுத்துவந்தால் பாதிப் பொருளைத்தான் எடுத்துவந்திருக்கிறீர்கள். எந்த மீட்டரும் அதற்கென்று வடிவமைத்த சென்சாரோடு சேர்ந்தால்தான் சரியான அளவைக் காட்டும். டெம்பரேச்சர் மீட்டரை எடுத்தால் அந்த வண்டியின் எஞ்சினில் அதற்குரிய சென்சாரையும், பெட்ரோல் மீட்டரை எடுத்தால் டேங்கிலிருந்து ஃப்ளோட்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். ஒயர்களைக் கப்ளரின் கழுத்தோடு வெட்டிவிடாமல், 15 முதல் 20 சென்டிமீட்டர் வால் விட்டு வெட்டுங்கள்; அந்த வால் இல்லாத கப்ளரில் மறுபடி ஒயர் இணைப்பது பெரும்பாடு. பல்பு ஹோல்டர்கள், போர்டின் பின்னால் பொருத்தியிருக்கும் சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர், திருகுகள் ஆகியவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் எந்த முனைக்குப் போகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். வண்டியின் பெயர், ஆண்டு, எத்தனை சிலிண்டர், பெட்ரோலா டீசலா என்ற நான்கு விவரங்களையும் ஒரு டேப்பில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிட்டால், பின்னால் அந்த வண்டியின் ஒயரிங் வரைபடத்தைத் தேடும்போது தடுமாற்றம் இருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உடைக்கப்படும் வண்டியில் ஏர்பேக் இருக்குமானால், பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட நேரம் வரை காத்திருந்த பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மஞ்சள் உறையிட்ட ஒயர்களும் மஞ்சள் கப்ளர்களும் பெரும்பாலும் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றை வெட்டவோ மல்டிமீட்டரால் தொடவோ கூடாது.

வீட்டுக்கு வந்தபின் எல்லாவற்றையும் மேசை மேல் இணைத்து, 12 வோல்ட் பேட்டரியில் 1 ஆம்பியர் பியூஸ் வழியாக மின்சாரம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் காரைப் பிரிக்க வேண்டும். டெம்பரேச்சர் சென்சாரின் முனையை வெந்நீரில் நனைத்தபடி, அதன் உலோக உடலை எர்த்தோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைத்தால், முள் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேசை மேல் இயங்காதது காரிலும் இயங்காது. டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டபின் அதைக் கண்டுபிடித்தால், ஓடிக்கொண்டிருந்த கார் வாரக்கணக்கில் நின்றுபோகும்.

கேள்வி: வேறொரு வண்டியின் பெட்ரோல் மீட்டரை மாட்டினேன். டேங்க் நிறைந்திருக்கும்போது காலி என்றும், காலியாகும்போது நிறைந்திருப்பதாகவும் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரும் பழுதில்லை, ஃப்ளோட்டும் பழுதில்லை, இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. டேங்கில் உள்ள ஃப்ளோட் மேலும் கீழும் அசையும்போது அதன் மின்தடை மாறுகிறது. மீட்டர் அந்தத் தடையைத்தான் அளக்கிறது. எந்தத் தடைக்கு எந்த அளவு என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒற்றுமை இருந்ததே இல்லை. ஜெர்மன் மீட்டர் நிறுவனமான வி.டி.ஓ.வின் வகையில் காலி டேங்குக்குச் சுமார் 10 ஓம், நிறைந்த டேங்குக்குச் சுமார் 180 ஓம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வண்டிகளில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. பழைய ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் இது தலைகீழாகி, காலிக்கு 73, நிறைவுக்கு 10. தனியாக விற்கப்படும் அமெரிக்க மீட்டர்கள் பலவும் 240-இல் தொடங்கி 33-இல் முடிபவை. நீங்கள் ஏறுமுக ஃப்ளோட்டோடு இறங்குமுக மீட்டரைச் சேர்த்திருக்கிறீர்கள்.

உறுதி செய்வதற்கு ஃப்ளோட்டின் ஒயரை டேங்கின் மேலிருந்து கழற்றி, ஃப்ளோட்டின் முனைக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது ஒன்று, காலியாகும் தறுவாயில் ஒன்று என்று இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டால் உங்கள் ஃப்ளோட்டின் இனம் தெரிந்துவிடும். இந்த வேலையைத் திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். மீட்டரின் இனத்தை மேசை மேல் கண்டறியலாம்: ஃப்ளோட்டுக்குப் பதிலாக ஒரு மாறுதடையை இணைத்து, அதை மெல்லத் திருகி, முள் காலியிலும் பாதியிலும் நிறைவிலும் நிற்கும்போது தடை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். பழைய வகை மீட்டர்களில் முள்ளை நகர்த்துவது சூடாகி வளையும் இரட்டை உலோகத் தகடு என்பதால், ஒவ்வொரு முறையும் அரை நிமிடமாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

தொடராகவோ இணையாகவோ ஒரு தடையைச் சேர்த்து ஒரு முனையில் மட்டும் அளவைச் சரிசெய்ய முடியும்; தலைகீழை நேராக்க அதனால் இயலாது. மீட்டரின் சொந்த வண்டியின் ஃப்ளோட் கையை உங்கள் டேங்க் மூடியில் பொருத்துவது நல்ல வழி. கையின் நீளமும் வளைவும் உங்கள் டேங்கின் ஆழத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே தடையை மாற்றித் தரும் மின்னணுக் கருவிகளும் உள்ளன.

இதே கடிதத்தில், தம் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்து அதிகமாகக் காட்டுவதாக வாசகர் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டு மீட்டர்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பிசகினால் ஸ்டெபிலைசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரட்டை உலோகத் தகடு வகை மீட்டர்கள் 12 வோல்ட்டில் நேரடியாக இயங்குபவை அல்ல. பிரிட்டிஷ் கார்களில் சராசரியாக 10 வோல்ட்டும், அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 5 வோல்ட்டும் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று நடுவில் இருக்கும். அதை விட்டுவிட்டு மீட்டரை மட்டும் எடுத்து வந்து நேரடியாக இணைத்தால் முள் கூடுதலாகக் காட்டும். உள்ளிருக்கும் கம்பிச் சுருளும் நாளடைவில் கருகிப்போகும்.

கேள்வி: மீட்டர் போர்டை மாற்றிய நாளிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆவதில்லை. ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் எரிகிற சிவப்பு நிற சார்ஜ் விளக்கு எச்சரிக்கைக்காக மட்டும் இருப்பதன்று. அந்தப் பல்பின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்கு முதல் காந்தத் தன்மையைத் தருகிறது. அதைக் கொண்டுதான் அது மின்சாரம் உண்டாக்கத் தொடங்குகிறது. புதிய போர்டில் அந்தப் பல்பு இல்லாவிட்டாலோ, ஒயர் இணைக்கப்படாமல் விடுபட்டிருந்தாலோ, பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. போட்டிருந்தாலோ, போதிய மின்னோட்டம் போகாது. எஞ்சினை உயர்ந்த வேகத்தில் ஒருமுறை ஓட்டினால் எஞ்சியிருக்கும் காந்தத் தன்மையால் சில ஆல்டர்னேட்டர்கள் தாமாகவே விழித்துக்கொள்ளும். அதை நம்பிப் பயணம் போகக் கூடாது.

பழைய போர்டில் இருந்த அதே வாட் அளவுள்ள இழைப் பல்பை அந்த இடத்தில் மட்டும் போடுங்கள். எல்.இ.டி. வேண்டுமென்றால் அதற்கு இணையாகத் தகுந்த தடை ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

கேள்வி: நான்கு சிலிண்டர் காரில் மாட்டிய ஆர்.பி.எம். மீட்டர் எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. 3000 இருக்க வேண்டிய இடத்தில் 2000 காட்டுகிறது.

பதில்: அது ஆறு சிலிண்டர் வண்டியின் மீட்டர். நான்கு வீச்சு எஞ்சினில் இக்னிஷன் காயில் ஒரு சுற்றுக்குச் சிலிண்டர் எண்ணிக்கையில் பாதி முறை பொறி தரும். நான்கு சிலிண்டருக்கு இரண்டு, ஆறு சிலிண்டருக்கு மூன்று. மூன்று துடிப்புக்கு ஒரு சுற்று என்று எண்ணப் பழகிய மீட்டர், உங்கள் எஞ்சினின் வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் காட்டுகிறது. முதுகில் 4, 6, 8 என்று குறித்த சிறு சுவிட்சோ இணைப்புக் கம்பியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான்கு சிலிண்டர் வண்டியின் மீட்டரைத் தேடுவதே எளிது. டீசல் வண்டியின் மீட்டரைப் பெட்ரோல் காரில் பொருத்தவே முயல வேண்டாம். டீசல் எஞ்சினில் இக்னிஷன் காயில் கிடையாது. பழைய டீசல் வண்டிகளின் மீட்டர்கள் ஆல்டர்னேட்டரில் டபிள்யூ (W) என்று குறித்த முனையிலிருந்து வரும் துடிப்பை எண்ணுபவை.

கேள்வி: கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர் ஒன்று கிடைத்தது. என் கேபிளின் முனை அதில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் கைப்பேசியின் ஜி.பி.எஸ். 68 கிலோமீட்டர் வேகம் என்னும்போது மீட்டர் 80 காட்டுகிறது. முள்ளைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்தால் போதுமா?

பதில்: தயவுசெய்து முள்ளைத் தொட வேண்டாம். முள்ளைத் தள்ளிவைத்தால் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் சரியாக இருக்கும். மற்ற வேகங்களில் பிழை தொடரும், ஓடிய தூரத்தின் கணக்கோ அப்படியே தப்பாக ஓடிக்கொண்டிருக்கும். கேபிளின் முனை பொருந்துவது வேறு, அதன் சுற்றுக் கணக்கு பொருந்துவது வேறு. கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டரும் ஒரு கணக்கில் செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்க வழக்கு மைலுக்கு 1000 சுற்று, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 621. ஜப்பானிய வழக்கு கிலோமீட்டருக்கு 637. ஐரோப்பிய மீட்டர்களில் இது பலவாறாக மாறும். பல மீட்டர்களில் முகப்பின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

உங்கள் காரின் எண்ணை நீங்களே அளந்துவிடலாம். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்ளே சுழலும் கம்பியின் நுனியில் ஓர் அட்டைத் துண்டைச் சொருகுங்கள். சமதரையில் 20 மீட்டரை அளந்து கோடு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, காரை நேராகத் தள்ளச் சொல்லிவிட்டு, அட்டை எத்தனை சுற்றும் எவ்வளவு பகுதியும் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான எண் வந்துவிடும். நீங்கள் சொல்லும் பிழையிலிருந்து பார்த்தால், ஏறத்தாழ 635 சுற்று சுற்றும் கேபிளோடு 540 சுற்றுக்கான மீட்டரைச் சேர்த்தது போன்ற நிலை இது. பொருந்தும் எண்ணுள்ள மீட்டரைத் தேடுங்கள், அல்லது கேபிளின் நடுவே சுற்றுவிகிதத்தை மாற்றும் சிறு கியர்பெட்டி ஒன்றைப் பொருத்துங்கள். மீட்டரை மாற்றிய அன்று இரண்டு மீட்டர்களிலும் இருந்த கிலோமீட்டரை தேதியோடு எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் குற்றம். வாங்க வருபவருக்கு அந்தக் குறிப்பைக் காட்டுவது உங்கள் கடமையும்கூட.

கேள்வி: ஆயில் விளக்குக்குப் பதிலாக ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டலாமா?

பதில்: மாட்டுங்கள், ஆனால் விளக்கை எடுத்துவிடாதீர்கள். சாலையில் கண்ணை வைத்திருக்கும்போது முள் இறங்குவது தெரியாது, சிவப்பு விளக்கு எரிவது தெரியும். எஞ்சினில் இருப்பது விளக்கை எரியவைக்கும் வெறும் சுவிட்ச் என்பதால் மீட்டருக்குத் தனி சென்சார் வேண்டும். டி வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தினால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இங்கே மரை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி.யில் எட்டில் ஒரு அங்குல அளவுக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி.யில் அதே அளவுக்கு 27 சுற்று. 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையும் கிட்டத்தட்ட அதே பருமன். ஒன்றுக்குள் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும். அதைப் பொருந்திவிட்டது என்று எண்ணி ரெஞ்சு போட்டு முறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரையே போய்விடும்.

எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் பழைய வகை மீட்டர்களும் கிடைக்கும். உடைசலிலிருந்து எடுத்த பழைய குழாயோடு அதைப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழாய் வெடித்தால் கொதிக்கும் ஆயில் ஓட்டுநரின் கால்மேல்தான் கொட்டும்.

கேள்வி: என் காரில் இரண்டு குமிழ்கள் வைத்த பழைய ரேடியோ இருக்கிறது. அதன் இடத்தில், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த சி.டி. ஸ்டீரியோவை வைக்க விரும்புகிறேன். செட்டின் முகப்பில் 50 வாட் × 4 என்று எழுதியிருக்கிறது. பழைய ஒயரிங் தாங்குமா? டேஷ்போர்டை வெட்டத்தான் வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்: வெட்ட வேண்டாம். நீங்கள் எடுத்த செட் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள திறப்பைக் கேட்கும். ஜெர்மன் தர நிர்ணய அமைப்பான டின் வகுத்த அளவு அது. இரு குமிழ் ரேடியோவின் திறப்பு அதைவிடச் சிறியது. ஒருமுறை அறுத்த டேஷ்போர்டை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அறுபடாத பழைய டேஷ்போர்டு கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிவருகிறது. செட்டை இருக்கைக்கு அடியிலோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ, டேஷ்போர்டின் கீழே தொங்கும் சட்டத்திலோ வையுங்கள். பழைய ரேடியோ தன் இடத்திலேயே இருக்கட்டும்.

ஒயரிங்கைப் பொறுத்தவரை, பழைய ஸ்பீக்கர் ஒயர்களை அப்படியே பயன்படுத்தக் கூடாது. பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை நேராகப் பாடியில் எர்த் செய்யப்பட்டிருக்கும். இப்போதைய செட்டுகளில் ஒரு ஸ்பீக்கருக்குச் செல்லும் இரண்டு ஒயர்களிலும் மின்னழுத்தம் இருக்கிறது. இரண்டில் எது பாடியைத் தொட்டாலும் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. கெட்டுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புதிய ஒயர்களைச் செட்டிலிருந்தே இழுங்கள். செட்டுக்கான மின்சாரத்தையும் பழைய ரேடியோவின் மெல்லிய ஒயரிலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். உங்கள் கார், பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படிப்பட்டவை. நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்த செட்டை அதில் இணைத்தால் இணைத்த கணமே அது கெட்டுவிடும்.

50 வாட் என்ற எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கரில் முழுக்க முழுக்கக் கொட்டினால், அதாவது இசையே சிதைந்து வெறும் சதுர அலையாகிவிட்டால், கணக்குப்படி 51.8 வாட் வரும். முகப்பில் எழுதுவது அந்த எண்ணைத்தான். சிதையாத இசைக்குக் கணக்கின் உச்சவரம்பு 26 வாட். இழப்புகள் போக ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். ஒரு காரின் உட்புறத்துக்கு அது தாராளம்.

எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். வண்டியோடு வந்த செட்டுகளில் பல, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் நான்கு இலக்கக் குறியீட்டைக் கேட்டு நின்றுவிடும். வண்டியின் கையேட்டிலோ கையுறைப் பெட்டியிலோ அந்த அட்டை கிடக்கிறதா என்று தேடுங்கள். செட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்ல இயலாத செட்டை, ரசீது தராத கடையிலிருந்து வாங்காதீர்கள்.

கேள்வி: சாவியை எடுத்ததும் கடிகாரமும் சேமித்து வைத்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றன. செட் பழுதா?

பதில்: இல்லை. எப்போதும் 12 வோல்ட் வர வேண்டிய ஒயரும் சாவி போட்டால் மட்டும் வர வேண்டிய ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. செட்டின் பின்னால் வரும் பொதுத் தரமான ஐ.எஸ்.ஓ. கப்ளரில் 4-ஆவது முனை நிரந்தர மின்சாரம், 7-ஆவது முனை சாவி வழி மின்சாரம். சில உற்பத்தியாளர்கள் இவ்விரண்டையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். தனியாக விற்கும் செட்டுகளின் ஒயர்களில் மஞ்சள் நிரந்தரம், சிவப்பு சாவி வழி. இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: பழைய வண்டிகளிலிருந்து ஸ்பீக்கர் எடுப்பது புத்திசாலித்தனமா? எப்படிச் சோதிப்பது?

பதில்: நல்ல ஸ்பீக்கர்கள் கிடைக்கத்தான் செய்கின்றன, கையால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் கூம்பின் விளிம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்தால் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். மாவாக உதிர்ந்தாலோ விரிசல் கண்டாலோ விட்டுவிடுங்கள். ரப்பர் வளையம் பல ஆண்டுகள் நிற்கும். அடுத்து, கூம்பின் நடுவே உள்ள குமிழைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாகப் பரப்பி வைத்து, மிக மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணலில் உரசுவதுபோல் கரகரவென்று கேட்டால், உள்ளிருக்கும் சுருள் காந்தத்தின் சுவரில் உராய்கிறது. அதைச் சரிசெய்வது வீண் வேலை.

மல்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். 1 அல்லது 2 ஓம் காட்டினால், அது தனி ஆம்ப்ளிஃபயரோடு வந்த உயர்விலை ஒலியமைப்பின் ஸ்பீக்கர். அதைச் சாதாரணச் செட்டில் நேராக இணைத்தால் செட் சூடாகிக் கெடும். முனைகளில் கூட்டல் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் செல்லின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை. இதைக் குறித்துக்கொள்ளாமல் ஒரு பக்க ஸ்பீக்கரைத் தலைகீழாக இணைத்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த செட்டாக இருந்தாலும் தாழ்ந்த சுரங்கள் மெலிந்தே கேட்கும்.

கேள்வி: எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி ஸ்பீக்கரில் கேட்கிறது.

பதில்: ஆல்டர்னேட்டரின் ஒலி அது. வெளி ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால், அதன் எர்த்தும் செட்டின் எர்த்தும் பாடியில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய காரில் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே துருப்பிடித்த இணைப்புகள் பல இருக்கும். இரண்டையும், பெயின்ட் சுரண்டி உலோகம் தெரியவைத்த ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒலி ஒயர்களை மின்சார ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டாமல் காரின் எதிர்ப்பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். ரேடியோவில் மட்டும், பொறிப் பொறியாகக் கேட்கும் ஓசையானால் காரணம் இக்னிஷன். பிளக் ஒயர்களை எடுத்துவிட்டு மின்தடை உள்ள பிளக் ஒயர்களைப் போட்டுப் பாருங்கள், ஏரியலின் அடிப்பகுதி பாடியோடு நன்றாக எர்த் ஆகியிருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கேள்வி: கிடைத்த செட்டில் எஃப்.எம். 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. சரிசெய்ய முடியுமா?

பதில்: அது ஜப்பானில் விற்பனைக்காகச் செய்த செட். அங்கே எஃப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது; உலகின் பெரும்பகுதியில் அது 87.5 முதல் 108 வரை. ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே பொருத்தும் மாற்றி ஒன்று கிடைக்கிறது. அது வருகிற அலைவரிசையைக் கீழிறக்கித் தரும். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும் செட்டால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வரிசையை முழுவதும் பிடிக்க முடியாது. திரையில் தெரியும் எண்ணும் நிலையத்தின் எண்ணாக இருக்காது. சி.டி.யும் வெளி இணைப்பும் போதுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ கேட்பவரானால், வாங்கிய இடத்திலேயே கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடுப்பதற்கு முன், உடைசல் வண்டியின் பேட்டரியிலேயே செட்டை இயக்கி, அலைவரிசை எந்த எண் வரை போகிறது என்று பார்த்துவிடுங்கள்.